காலுக்குத் தெரிந்தது

இங்கிலாந்தின் வடபகுதியில் வசிக்கும் என் நண்பர் ஒருவரிடம் ஒரு பழைய வோக்ஸ்வாகன் வேன் இருக்கிறது. 1965-ல் ஜெர்மனியில், ஹானோவர் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. முன்கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டாக இருக்கும், எஞ்சின் பின்னால், ஓட்டுகிறவனுக்கு முன்னால் பானெட் என்று ஒன்று கிடையாது. ஒரு தகடு, அதற்கு அப்பால் ரோடு. அறுபதுகளின் அமெரிக்க இளைஞர்கள் மேலெல்லாம் பூ வரைந்து ஓட்டிக்கொண்டு போனதாகச் சினிமாக்களில் காட்டுவார்களே, அதே வேன்தான். நண்பர் பூ ஒன்றும் வரையவில்லை. தொழிற்சாலையிலிருந்து எந்த நிறத்தில் வெளியே வந்ததோ அந்த நிறத்தை விசாரித்துக் கண்டுபிடித்து அடித்து வைத்திருக்கிறார். உள்ளே ஒரு படுக்கை, ஒரு ஸ்டவ், சில புத்தகங்கள். விடுமுறைகளில் மனைவியோடு கடற்கரைப் பக்கம் போய்வருவார்.

சென்ற வருஷம் அக்டோபரில் ஒரு மாலை. தூறல். வேகம் அதிகமில்லை என்கிறார். நம்புகிறேன், அந்த வேனில் அதிக வேகம் என்பது சாத்தியமே இல்லை. ஜீப்ரா கோடுகளில் வயதான ஒரு பெண்மணி, கையில் பையோடு, இறங்கிவிட்டார். இறங்க அவருக்கு உரிமை உண்டு. அந்த ஊர்ச் சட்டமும் மரியாதையும் அதுதான். நண்பர், அவர் பாஷையில் சொன்னால், பெடலின் மேல் எழுந்து நின்றார். வேன் முதல் இரண்டு வெள்ளைக் கோடுகளைத் தாண்டி, ஒரு முழம் மிச்சம் வைத்து நின்றது. அந்தப் பெண்மணி கண்ணாடி வழியாக இவரை ஒரு தடவை பார்த்தார். கோபம் இல்லை. அப்புறம் மெதுவாக நடந்து போய்விட்டார்.

ஒரு வாரம் வேனை எடுக்கவில்லை. பிறகு தெரிந்தவர்களைக் கேட்டார். பவர் பிரேக் வைத்துவிடு, இதற்கென்றே சாமான்கள் விற்கிறார்கள், இரண்டு நாள் வேலை என்றார் ஒருவர். இதே பைத்தியம் பிடித்த இன்னொரு பெரியவர், வைக்கலாம். ஆனால் அப்புறம் உன்னிடம் இருப்பது 1965-ன் வேன் அல்ல, அதைப் போன்ற ஒன்று என்றார். நண்பர் எனக்கு எழுதினார்: நீங்களெல்லாம்தான் போலி எது, அசல் எது என்று முப்பது பக்கத்துக்குச் சண்டை போடுகிறவர்களாயிற்றே, நீ சொல். கேலியாகத்தான் கேட்டார். கேள்வி மட்டும் கேலியாக இல்லை.

அசல்தன்மை பற்றிய இந்தச் சண்டை புதிதுமல்ல. பழைய கட்டடங்களை வைத்துக்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா இதை ஏறக்குறைய போட்டு முடித்துவிட்டது. ரஸ்கின் 1849-ல் எடுத்த கட்சி, புதுப்பிப்பது என்பதே பொய். பராமரித்துக் காப்பாற்று, முடியாவிட்டால் மரியாதையாகச் சாகவிடு என்பது. பிரான்ஸில் வியோலே-லெ-டுக் நேர் எதிர்ப்பக்கம் போய், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கட்டடத்தைக் கொண்டுசெல்வதும் புதுப்பித்தல்தான் என்றார். நம் நண்பருக்கு யோசனை சொன்ன இரண்டு பேரும் இந்த இருவரின் மலிவுப் பதிப்புகள். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்ற கிரேக்கப் புதிரையும் இங்கே இழுத்துவரலாம். பி.ஏ. வகுப்பில் அது எனக்கு ஆழமாகத் தெரிந்தது. இப்போது அப்படி இல்லை. அது நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்ட கப்பலைப் பற்றிய கேள்வி. அதற்கு முன்னால் யாரும் நீந்திக்கொண்டிருக்கவில்லை.

பெரியவர் சொல்லும் அசல் என்பதும் ஒரு தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுதான். வோக்ஸ்வாகன்காரர்களே 1970 ஆகஸ்டிலிருந்து இந்த வகை வேன்களின் முன்சக்கரங்களில் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட ஆரம்பித்தார்கள். தங்கள் வேனுக்குத் தாங்களே துரோகம் செய்துவிட்டதாக அவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் பிரிட்டிஷ் சட்டம் பெரியவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 2018 மே மாதத்திலிருந்து அங்கே நாற்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு, பெரிய மாறுதல்கள் செய்யப்படாத பட்சத்தில், வருடாந்தரப் பரிசோதனை கட்டாயமில்லை. (பாதுகாப்புக்காகச் செய்யும் மாறுதல்களுக்கு விலக்கு உண்டு.) பழையது பழையபடியே இருக்கிறதா, அதன் பிரேக்கை நாங்கள் சோதிக்கவில்லை, உன் பொறுப்பு. அரசாங்கம் அசல்தன்மைக்குத் தரும் மரியாதை இப்படி இருக்கிறது.

இங்கே அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நம் இலக்கியப் பத்திரிகைகளில் இயந்திரம் வந்தால் ஒன்று அரக்கனாக வரும், அல்லது உருவகமாக வரும். இயந்திரமாக வருவதில்லை.

பவர் பிரேக் என்ற பெயரே தப்பபிப்பிராயம் உண்டாக்குவது. எஞ்சினின் பலம் சக்கரத்தை நிறுத்துவதாக நினைத்துக்கொள்கிறோம். நிறுத்துவதற்குத் துணை வருவது காற்று. பெட்ரோல் எஞ்சின் ஓயாமல் மூச்சை உள்ளே இழுக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார்புரேட்டரின் தொண்டை மூடிக்கொள்ள, இழுக்கக் காற்றில்லாமல் அதற்குக் கீழே உள்ள குழாயில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. பூரண வெற்றிடம் அல்ல. வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கு மேல் குறைந்துபோன ஒரு நிலை. இதை ஒரு குழாய் வழியே வட்டமான ஒரு தகரப் பெட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். பெட்டிக்குள் குறுக்கே ஒரு ரப்பர் டயஃப்ரம். இருபுறமும் வெற்றிடம் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். பெடலை மிதித்தால் ஒரு வால்வு திறந்து ஒரு புறத்துக்கு மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. நம் எல்லோர்மீதும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் அதே காற்று. 20 செ.மீ. குறுக்களவுள்ள டயஃப்ரம், அந்த ஒரு கிலோவில் பத்தில் ஆறு பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் சுமார் 190 கிலோ வருகிறது. மூன்று ஆட்கள் நம் பாதத்தோடு சேர்ந்து மிதிக்கிறார்கள்.

இந்த வேனில் எஞ்சின் பின்கோடியில், பெடல் முன்கோடியில். ஆகவே அந்த வெற்றிடம் ஏறக்குறைய மூன்று மீட்டர் குழாயில், படுக்கைக்கும் ஸ்டவ்வுக்கும் கீழே, முன்னால் வந்து சேரவேண்டும். வழியில் ஒருவழி வால்வு ஒன்று. எஞ்சின் நடுவழியில் நின்றுபோனால் பெட்டியில் சேமித்த வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிகளுக்குத் தாங்கும். அப்புறம் பெடல் மரக்கட்டை. ஆக்ஸிலரேட்டரை விடும் தருணத்தில்தான் வெற்றிடம் அதிகம் என்பது இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம். நாம் நிற்க நினைக்கும் அந்த க்ஷணத்தில்தான் உதவியும் தயாராக இருக்கிறது. ஆல்பெர் தெவாந்தர் என்ற பெல்ஜியப் பொறியாளரின் யோசனை இது. பாஷ் கம்பெனி உரிமம் வாங்கி 1927-ல் ஜெர்மனியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையில் இருக்கும் சுத்தியல் ஒழுங்காக வேலை செய்யும்வரை அது நம் கவனத்துக்கு வருவதில்லை என்று ஹைடெக்கர் எழுதிய புத்தகமும் அதே 1927-ல், அதே ஜெர்மனியில்தான் வெளிவந்தது. இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. குறித்துவைத்துக்கொள்ளத் தோன்றியது.

நண்பருக்கு யோசனை சொன்னவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்தப் பெட்டி பிரேக்கைப் பலப்படுத்துவதில்லை. காலைத்தான் பலப்படுத்துகிறது. நனைந்த ரோட்டில் டயருக்கு எவ்வளவு பிடிப்போ அவ்வளவுதான் எந்தப் பிரேக்கும். மலைச் சரிவில் டிரம் சூடேறி விரிந்து லைனிங் வழுக்க ஆரம்பித்தால் 190 கிலோவும் அந்த வழுக்கலின் மேல்தான் போய் உட்காரும். போதாக்குறைக்கு டிரம் பிரேக்குக்கு இயற்கையாகவே ஒரு சுய உதவி உண்டு: சுற்றும் டிரம் முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். டிஸ்க்கில் அது கிடையாது; அதனால்தான் டிஸ்க் போட்டவர்களுக்குப் பவர் பிரேக் தேவைப்படுகிறது. ஒரு முன்னேற்றம் இன்னொரு முன்னேற்றத்தைக் கூடவே கூட்டிக்கொண்டு வருகிற கதை. பிரிட்டிஷ் சாலைவிதிப் புத்தகம் மணிக்கு 30 மைல் வேகத்தில் நிற்க 23 மீட்டர் வேண்டும் என்கிறது. இதில் 9 மீட்டர், பார்த்து, உணர்ந்து, கால் பெடலுக்குப் போகும்வரை ஓடுவது. அந்த 9 மீட்டரை எந்தத் தகரப் பெட்டியும் தொட முடியாது.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு நான் நண்பருக்கு ஒரு பதில் எழுதினேன். நீளமான பதில். வேண்டாம் என்று. அதன் சாரம் இதுதான்.

இங்கிலாந்தில் இந்தப் பெட்டிக்குப் பெயர் சர்வோ. லத்தீனில் அடிமை என்ற சொல்லிலிருந்து வந்தது. பெடலோடு இணைந்த சிலிண்டருக்கு மாஸ்டர் என்று பெயர். கிளட்ச் பக்கம் போனால் ஸ்லேவ் என்றே ஒரு சிலிண்டர் உண்டு. வண்டியின் தரைத்தகட்டுக்குக் கீழே பழைய ரோமாபுரி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஹெகல் 1807-ல் வந்த தன் நூலில் எஜமானனையும் அடிமையையும் பற்றிச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. எஜமானன் தனக்கும் வஸ்துவுக்கும் நடுவே அடிமையை நிறுத்திவிடுகிறான். வஸ்துவின் எதிர்ப்பு, கனம், பிடிவாதம் எல்லாம் அடிமையின் பங்கு. எஜமானனுக்கு மிஞ்சுவது அனுபவிப்பது மட்டும். ஆனால் உலகத்தின் கனத்தைத் தொட்டு அறிந்தவன் அடிமைதான். அதனால் பிரக்ஞை வளர்வதும் அவனிடம்தான். சாமான்களோடும் ஆட்களோடும் ஒன்றரை டன் எடையுள்ள ஒரு பொருளை நான் உலகத்தில் தள்ளிக்கொண்டு போகிறேன் என்பது அந்தப் பழைய வேனில் தொடையிலும் முட்டியிலும் தெரிகிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டே கால் மடங்கு என்பது பௌதிகப் புத்தகத்தில் இல்லாமல் உன் காலில் இருக்கிறது. இதை ஒரு டப்பாவிடம் ஒப்படைத்துவிட்டால் நீ எஜமானன் ஆவாய். உன் செய்கையின் கனம் தெரியாதவன் ஆவாய். தார்மிக உணர்வு என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது கடைசியில் இதுதானே: தன் செய்கையின் கனம் தனக்கே தெரிவது.

நியாயத்துக்காக இதையும் சேர்த்திருந்தேன்: பொறியாளர்கள் இதை யோசிக்காதவர்கள் அல்ல. பெட்டிக்குள் ஒரு சின்ன ரப்பர் வில்லை வைத்து, சக்கரத்தின் எதிர்ப்பில் ஒரு பங்கைக் காலுக்குத் திருப்பித் தருகிறார்கள். அடிமை எஜமானனுக்குச் செய்தி அனுப்புகிறான். சுருக்கி, மென்மையாக்கி, எஜமானன் முகம் சுளிக்காதபடி.

பதிலை அனுப்புவதற்கு முன் அவருடைய கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். முதல் வாசிப்பில் கண் தாண்டிப் போயிருந்த ஒரு வரி. தன் மனைவி அந்த வேனை ஓட்டுவதில்லை என்றும், ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபோது இரண்டு கால்களாலும் மிதிக்க வேண்டியிருந்தது என்றும், அதிலிருந்து அவர் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு வருவதாகவும் எழுதியிருந்தார். குறையாக எழுதவில்லை. போகிறபோக்கில் சொன்னது.

என் கடிதம் அங்கேயே விழுந்துவிட்டது. காலின் ஞானம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியது ஆரோக்கியமான ஒரு ஆணின் தொடையைப் பற்றி. உழைப்பின் கனத்தைப் புகழ்கிறவன் அந்தக் கனத்தைத் தூக்க முடிந்தவன். அந்த அம்மாள் ஹெகலின் எஜமானனும் இல்லை, அடிமையும் இல்லை. ஸீட் மாறி உட்கார்ந்தவர்.

ஜீப்ரா கோட்டில் நின்றவரும் என் கடிதத்தில் இல்லை. முதல் பாராவில் வந்தார். அப்புறம் காணாமல் போய்விட்டார். நண்பரின் பிரக்ஞை ஆழமானதா, அவர் தொடையில் பௌதிகம் இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு எந்த விதத்தில் பொருட்டு? அவருக்கு வேண்டியது அந்த ஒரு முழம். முடிந்தால் இரண்டு முழம்.

நான் வேலை பார்க்கும் கிளையில் ஓய்வுபெறும் தறுவாயில் ஒரு ஹெட் காஷியர் இருந்தார். நோட்டு எண்ணும் இயந்திரத்தை அவர் மதித்ததில்லை. கட்டை இடது கையில் மடித்துப் பிடித்து விரல் ஓட்டுவார். நடுவில் ஒரு கள்ள நோட்டு வந்தால் விரல் நின்றுவிடும். கண் அப்புறம்தான் பார்க்கும். அந்த விரலை நான் பலரிடம் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் கவுண்டருக்கு வெளியே நிற்கிறவனுக்கு, கள்ள நோட்டு தன்னிடம் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். விரல் கண்டுபிடித்ததா இயந்திரம் கண்டுபிடித்ததா என்பது அவனுக்கு ஒரு பிரச்னையே இல்லை. காஷியருக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு நாளில் விரல் என்ன செய்தது என்று நான் கேட்டதும் இல்லை.

இதற்கு எதிராகவும் ஒரு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. சௌகரியம் மனிதனை அசட்டுத் துணிச்சல்காரனாக்கும் என்பது. ஸாம் பெல்ட்ஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1975-ல் இப்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டி, இன்றுவரை சர்ச்சை ஓயவில்லை. எண்பதுகளில் மியூனிக் நகரத்து டாக்ஸிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் பொருத்திப் பார்த்தார்கள். விபத்துகள் குறிப்பிடும்படி குறையவில்லை. நல்ல பிரேக் உள்ள டாக்ஸிக்காரர்கள் இன்னும் கடுமையாக ஓட்டினார்கள். ஆனால் இன்னொரு பக்கம், பயத்தில் மனிதர்கள் பெடலைப் போதுமான அளவு அழுத்துவதில்லை, பாதியில் தயங்கிவிடுகிறார்கள் என்பது கார் செய்கிறவர்கள் சோதித்துக் கண்டது. அப்படித் தயங்கும் காலுக்கு அந்த 190 கிலோ நிஜமான உதவி. இரண்டும் உண்மையாக இருக்கலாம். சாதாரண நாட்களில் அந்தப் பெட்டி நம்மைக் கெடுக்கிறது. ஒரே ஒரு நாள் காப்பாற்றுகிறது.

நான் இந்த இடத்தில் நின்றிருப்பேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எழுதி, அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்திருக்கும். அந்த வேனின் பிரேக் படத்தை விரித்துவைத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. 1965-ன் வேனில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் போவது ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால், ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால், நான்கும் போய்விடும். பெடல் தரையைத் தொடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக். பிறகு வந்த வேன்களில் இதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சிலிண்டருக்குள் வரிசையாக இரண்டு பிஸ்டன்கள். ஒரு பாதி செத்தாலும் மறுபாதி நிறுத்தும். பழைய வேனிலும் இதைப் பொருத்தலாம்.

பவர் பிரேக் வைக்கலாமா கூடாதா என்று கட்சி கட்டிய யாரும், நான் உட்பட, இதைப் பேசவில்லை. ஏன் என்று யோசித்தேன். காரணம் எளியது. அந்த இரண்டாவது சுற்றைக் கால் உணராது. பவர் பிரேக் வைத்தால் முதல் மிதியிலேயே தெரியும். வைக்காவிட்டால் ஒவ்வொரு மிதியிலும் தெரியும். இரண்டும் அனுபவங்கள். இரண்டைப் பற்றியும் பேசலாம், எழுதலாம். இரட்டைச் சுற்றோ எந்த அனுபவத்தையும் தருவதில்லை. பெடல் அதே கனத்தில் இருக்கும். வேன் அதே தூரத்தில் நிற்கும். பணமும் செலவழித்து, தரைக்கடியில் படுத்து எண்ணெயில் குளித்து எழுந்த பிறகும் எல்லாம் நேற்றுப் போலவே இருக்கும். ஏதோ ஒரு நாள் ஒரு ஹோஸ் வெடித்தால் அன்று தெரியும். வெடிக்காமலே இருபது வருஷம் போகலாம்.

எனக்குச் சங்கடம் தந்தது இதுதான், வேன் அல்ல. நானும் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நாற்பது ஐம்பது பேரும் அனுபவம் என்ற ஒரு வார்த்தையின்மேல் முழு பாரத்தையும் ஏற்றிவைத்திருக்கிறோம். ஒரு கவிதையை அனுபவம் சார்ந்ததா என்று கேட்கிறோம். ஒருவனின் நேர்மையை, அவன் சொல்வதை அவன் உணர்ந்திருக்கிறானா என்று அளக்கிறோம். யாப்பை விட்டதற்கும் இதையே நியாயமாகச் சொன்னோம்: சொல்லின் கனம் கைக்கு நேராகத் தெரியவேண்டும், நடுவில் சீரும் தளையும் நின்று சுமக்கக் கூடாது. கவிதைக்கு இது சரியாக இருக்கலாம், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இதே அளவுகோலைச் சத்தமில்லாமல் ஒழுக்கத்துக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஆழமாக உணர்கிறவன் நல்லவன் என்று. பிரேக்கின் கனத்தை உணர்கிறவன் பொறுப்பானவன் என்று நான் நான்கு பக்கம் எழுதியது அந்தப் பழக்கத்தில்தான். கனத்தை நன்றாக உணர்ந்துகொண்டே ஒருவன் ஒரு கிழவியின்மேல் ஏற்றிவிட முடியும். அன்று அந்த மாலையில் நண்பர் உணர்ந்த மாதிரி யாரும் உணர்ந்திருக்க முடியாது. அந்த ஒரு முழத்துக்கு அந்த உணர்வு காரணம் அல்ல. டயரும் தண்ணீரும் காரணம்.

பிர்சிக்கின் 1974 மோட்டார் சைக்கிள் புத்தகத்தை நம்மில் சிலர் படித்திருப்பார்கள். பராமரிப்பில் ஈடுபடும் மனத்தின் தரம் பற்றி அவர் பேசுகிறார். எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அங்கேயும் ரோடு ஏறக்குறைய காலியாகவே இருக்கிறது. மனிதன், இயந்திரம், அவன் மனம், பின்னால் உட்கார்ந்திருக்கும் பையன். எதிரில் குறுக்கே நடப்பவர்கள் குறைவு.

நண்பருக்கு இரண்டாவது கடிதம் ஒரே பக்கம்தான். முதலில் சுற்றை இரண்டாகப் பிரி. ஹோஸ்களை மாற்று. வீல் சிலிண்டர்களைப் பார். டிரம்களைச் சரிசெய்து நான்கும் ஒரே சமயத்தில் பிடிக்கிறதா என்று பார். இது முடிந்த பிறகு, உன் மனைவிக்கு ஓட்ட விருப்பம் இருந்தால் முன்னால் டிஸ்க் போட்டு பவர் பிரேக் வை. வைத்தால் ஒளிக்காதே, 1965-லேயே இருந்தது போலப் பழசாகப் பெயின்ட் அடித்து வைக்காதே. டிஸ்க் போடாமல் பழைய டிரம்மின் தலையில் மட்டும் அந்தப் பெட்டியைக் கட்டினால் கால் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். அதைவிட ஒன்றும் செய்யாமல் மெதுவாகப் போவது நல்லது. பெரியவரிடம் என் வணக்கத்தைச் சொல்.

பெரியவர் வருத்தப்பட்டாராம். ஆனால் இரட்டைச் சிலிண்டரைப் பொருத்த ஒரு சனிக்கிழமை முழுவதும் கூடவே இருந்து உதவினாராம். அதற்கு ஆட்சேபம் இல்லை, வெளியே தெரியாதே என்றாராம். கழற்றிய பழைய டிரம்களை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பின்னால் வருகிறவன் விரும்பினால் மாட்டிக்கொள்ளட்டும் என்று நண்பர் கொட்டகையில் வைத்திருக்கிறார்.

பிப்ரவரியில் வந்த கடிதத்தில், பெடல் இப்போது மிகவும் லேசாக இருக்கிறது, எனக்கு என்னவோ போல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். முதல் சில நாட்கள் பழைய பழக்கத்தில் மிதித்து, ஸ்டவ்விலிருந்த பாத்திரமெல்லாம் முன்னால் வந்து விழுந்ததாம். இப்போது கடற்கரைக்குப் போகும்போது பாதித் தூரம் மனைவிதான் ஓட்டுகிறார். நன்றாகவே ஓட்டுகிறார், தன்னைவிட நிதானமாக என்கிறார். இவர் இடது பக்க ஸீட்டில். புத்தகம் படிக்க முயற்சி செய்வதாகவும், ஒவ்வொரு ஜீப்ரா கோடு வரும்போதும் தன் வலது கால், அங்கே பெடல் எதுவும் இல்லை என்று தெரிந்தும், தரையை மிதித்துக்கொண்டே வருவதாகவும் எழுதியிருக்கிறார்.